பூச்சிகள் உணவின் சத்தைச் சுவைத்தறிவது எவ்வாறு?

1962ஆம் ஆண்டில் தலைநகர் தில்லியின் மீது பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டங்கள் வந்திறங்கின. பூசா வளாகத்திலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதானும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைப் பருப்பைப் பொடித்து நீரில் கரைத்துப் பயிர்களின் மீது தெளித்திருந்தனர். கரைசலின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கே. வெட்டுக்கிளிகள் அவ்வயல்களிலும் இறங்கவே செய்தன; ஆனால் பயிரைத் தின்னாமல் விட்டன. வயலில் இறந்து கிடந்த பூச்சிகளைக் கொண்டு மருந்தின் ஆற்றலை அளப்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், பூச்சி உயிரோடிருக்கப் பயிர் தப்பியது ஒரு புதுமையாகும்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வெட்டுக்கிளிக் கூட்டம் ஒரே நாளில் ஏறத்தாழ 35,000 மக்கள் உண்ணக்கூடிய அளவு பசுமையைத் தின்றுவிடும் என ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இத்தகைய பெரும் பசியைத் தடுத்து நிறுத்தியது வேப்பம் பருப்பிலுள்ள கசப்பு. 1968இல் பட்டர்வொர்த், மார்கன் ஆகிய இரு வேதியியலார் அதன் முதன்மைப் பொருளைப் பிரித்தெடுத்து அசாடிராக்டின் எனப் பெயரிட்டனர். எந்தப் பின்னத்தில் அப்பொருள் உள்ளது என்பதை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்த கருவியும் வெட்டுக்கிளியின் வாய்தான். அது தின்ன மறுத்த பின்னத்தையே அவர்கள் மேன்மேலும் தூய்மைப்படுத்திச் சென்றனர்.

பூச்சியின் சுவையுணர்வு உயிரியல் மாணவர்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. உர மானியம், பயிர்ப் பாதுகாப்புச் செலவு, பட்டுத் தொழில் ஆகியவற்றைப் பற்றிக் கோப்புகளில் எழுதுகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அதைத் தொட்டே எழுதுகிறார்கள்.

காலிலும் ஒரு நா

நமக்குச் சுவை பெரும்பாலும் நாவில் உண்டு. பூச்சிக்கோ வாயுறுப்புகளிலும், பாதங்களிலும், பல இனங்களில் இறகுகளின் விளிம்பிலும், முட்டையிடும் உறுப்பிலும்கூட உண்டு. 1920களின் தொடக்கத்தில் டுவைட் மின்னிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பட்டாம்பூச்சியின் பாதத்தைச் சர்க்கரைக் கரைசலில் தோய்த்தவுடன் அதன் சுருண்ட உறிஞ்சுகுழல் நீள்வதைக் கண்டார். பட்டினியிட்ட பட்டாம்பூச்சியின் பாதம் மனித நாவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் கூர்மையுடன் சர்க்கரையை உணர்ந்தது. தின்பண்டத்தின் மீது ஈ முன்னும் பின்னும் நடந்து திரிவதும் இதற்காகவே. நடப்பது அதற்குச் சுவைத்துப் பார்ப்பதாகும்.

சுவையுணரும் உறுப்பு ஒரு நுண்மயிர். அதன் நுனியில் ஒரு நுண்துளை உண்டு. மயிரின் அடியில் சில நரம்பணுக்கள் அமைந்து, தம் மெல்லிய இழைகளைத் துளைவரை நீட்டியிருக்கின்றன. ஈயின் ஒரு மயிரில் பெரும்பாலும் நான்கு சுவையணுக்கள்: சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, விலக்கத்தக்க பொருளுக்கு ஒன்று எனப் பொதுவாகக் கூறலாம். 1955இல் ஹாட்ஜ்சன், லெட்வின், ரோடர் ஆகிய மூவரும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதை ஒரே ஒரு மயிரின் நுனியில் தொப்பிபோல் அணிவித்தனர். சுவைப் பொருளாகவும் மின்கம்பியாகவும் அதே நீர் பணியாற்றியது. ஓர் அணு ஒரு நொடிக்கு எத்தனை துடிப்புகளை அனுப்புகிறது என்பதை இவ்வாறு எண்ண முடிந்தது. எளிமையும் சிக்கனமும் பொருந்திய இம்முறையே சிற்சில மாறுதல்களுடன் இன்றளவும் பின்பற்றப்படுகிறது.

சத்தை நேரடியாகச் சுவைப்பதென்பது ஒருசில பொருள்களுக்கே பொருந்தும். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு ஆகியவற்றிற்கு உணரணுக்கள் உள்ளன. பூச்சிகளால் ஸ்டெரால் எனும் கொழுப்புப் பொருளைத் தம் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தோ உடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடமிருந்தோ பெற்றாக வேண்டும். ஆயினும் இன்றியமையாத ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனிச் சுவையணு அமைந்திருக்கவில்லை. அதனால் இலையுண்ணும் பூச்சிகள் பல, சத்துக்குப் பதிலாகச் செடியின் அடையாளத்தைச் சுவைக்கின்றன. முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சியின் புழுக்கள் கடுகுக் குடும்பத்துச் செடிகளை அவற்றின் காரப் பொருளைக் கொண்டே இனங்காண்கின்றன என்பதை டச்சு நாட்டவரான வெர்ஷாஃபெல்ட் 1910லேயே எடுத்துக் காட்டினார். அக்காரம் உணவு ஆகாது. உணவு இருக்குமிடத்தைக் காட்டும் பெயர்ப்பலகை எனலாம்.

பசி சுவையை மாற்றும் விதம்

எவ்வளவு தின்றபின் நிறுத்துவது? அமெரிக்காவின் வின்சென்ட் டெதியர் கருநீல ஈக்களைக் கொண்டு பல்லாண்டுகள் இவ்வினாவை ஆராய்ந்தார். இனிப்பை உணர்ந்த மயிர்கள் ஈயைக் குடிக்கத் தூண்டுகின்றன. முன்குடல் நிறைந்து விரியும்போது அங்கிருந்து ஒரு நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பி நிறுத்துகிறது. அந்நரம்பைத் துண்டித்தால் ஈ நிறுத்தாமல் குடித்து, வயிறு கண்ணாடிக் குமிழ்போல் உப்பிவிடுகிறது. பழ ஈயில் 2012இல் கண்டறியப்பட்ட செய்தி இன்னும் வியப்புக்குரியது. குருதியில் ஏறும் பழச்சர்க்கரையை அளந்தறியும் ஓர் உணரி அதன் மூளைக்குள்ளேயே உள்ளது. நாவை ஏமாற்றும் வெறும் இனிப்பிற்கும் உடலுக்கு ஆற்றல் தரும் சர்க்கரைக்குமுள்ள வேறுபாட்டைப் பட்டினி கிடந்த பழ ஈ கண்டுகொள்வதாகச் சோதனைகள் தெரிவிக்கின்றன.

எனினும் பொருளியல் மாணவர்களின் கருத்தைக் கவரத்தக்கவை வெட்டுக்கிளிச் சோதனைகளே. ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் ஆகிய இருவரும், புரதமும் மாவுச்சத்தும் வெவ்வேறு அளவுகளில் கலந்த 25 வகை உணவுகளை இளம் வெட்டுக்கிளிகளுக்கு அளித்து, முடிவுகளை 1993இல் வெளியிட்டனர். ஒன்றையொன்று நிறைவு செய்யும் இரு உணவுகளை ஒருங்கே வைத்தபோது, அவை எவ்வாறு கலக்கப்பட்டிருப்பினும், பூச்சி இரண்டிலும் மாறி மாறித் தின்று ஏறத்தாழ ஒரே புரத, மாவுச்சத்து அளவை எட்டியது. ஒரே உணவோடு அடைத்து வைத்தபோதுதான் இடர் தோன்றியது. புரதம் குறைந்த உணவைப் பெற்றவை, புரதத் தேவையை ஈடுகட்டும் பொருட்டு அளவுக்கு மீறித் தின்றன. வேண்டாத மாவுச்சத்து உடலில் கொழுப்பாகத் தேங்க, வளர்ச்சி தாமதமாயிற்று. நம் பாடநூல்களின் நுகர்வோர் ஒரு பண்டத்தை விட்டு மற்றொன்றுக்கு எளிதில் மாறுகிறார். வெட்டுக்கிளிக்குப் புரதமும் மாவுச்சத்தும் ஒன்றுக்கொன்று பதிலாகா. ஏழைக் குடும்பத்தின் உணவுச் செலவை ஆராய்ந்தவர்களுக்கு இதில் ஏதோ பழகிய முகம் தெரியக்கூடும்.

இதன் இயக்கம் மயிரின் நுனியிலேயே தொடங்குகிறது. புரதம் மிகுந்த உணவைத் தின்றதும் வெட்டுக்கிளியின் குருதியில் அமினோ அமிலம் கூடுகிறது. உடனே வாயருகேயுள்ள சுவைமயிர்கள் அமினோ அமிலத்திற்கு மட்டும் மந்தமாகிவிடுகின்றன. சர்க்கரைக்கு அவற்றின் கூர்மை குறைவதில்லை. குருதியில் அமினோ அமிலத்தை ஊசி வழியே செலுத்தினாலும் இதே விளைவு காணப்பட்டது. ஆக, உடலின் இருப்புக் கணக்கு சுவை உறுப்பிலேயே பதிவாகிறது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் வாயிற்காப்போனே முடிவெடுக்கிறான். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மார்மன் சிள்வண்டுகள் இலட்சக்கணக்கில் அணிவகுத்துச் செல்வதற்கும் புரதத்திற்கும் உப்பிற்குமான தேட்டமே காரணம் என்று 2006இல் ஓர் ஆய்வுக்குழு காட்டியது. பின்னால் வருவது முன்னால் செல்வதைத் தின்றுவிடுமாதலால் எதுவும் நிற்பதற்கில்லை!

இனிப்பு கசப்பான கதை

சுவையுணர்வு நிலையானதன்று. கரப்பான் பூச்சியை ஒழிக்க, சர்க்கரையில் நஞ்சு கலந்த இரைகள் 1980களில் பரவலாயின. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் சில இடங்களில் இரைகள் பயனற்றுப் போயின. அப்பூச்சிகள் நஞ்சைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டன என்றே முதலில் எவரும் கருதுவர். ஆனால் அவை இரையைத் தொடவேயில்லை. குளுக்கோஸ் கலந்த எதையும் விலக்கின. 1993இல் இது வெளியிடப்பட்டது. காரணம் தெரியவர இருபது ஆண்டுகள் பிடித்தன. இக்கரப்பான்களில் குளுக்கோஸ், கசப்பை உணரும் அணுவையும் தூண்டுகிறது என 2013இல் கண்டறியப்பட்டது. குளுக்கோஸை வெறுக்கும் அவை, சாதாரண இடங்களில் மற்றவற்றைவிட மெதுவாகவே வளர்கின்றன. நஞ்சிரை வைத்த வீட்டில் மட்டும் அவ்வெறுப்பு இலாபகரமாயிற்று.

வேம்பைப் பற்றியும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பாலைவன வெட்டுக்கிளி அசாடிராக்டினை மிக நுண்ணிய அளவிலேயே விலக்குகிறது. அதன் நெருங்கிய உறவான அமெரிக்க வெட்டுக்கிளி அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வெயிலில் அப்பொருள் விரைவில் சிதைகிறது. நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ பருப்பு என்ற கணக்கில் வேளாண்மைத் துறையினர் பரிந்துரைக்கும் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு பல பூச்சிகளுக்கு நன்மருந்தே. ஆயினும் எல்லாப் பூச்சிக்கும் எல்லாக் காலத்துக்கும் உதவும் அருமருந்தென அதைப் பேசுவது, உழவரின் நம்பிக்கையை ஒரே பருவத்தில் செலவழித்துவிடும்.

பட்டுப்புழுவின் பிடிவாதம்

பூச்சியின் சுவையைத் தடுப்பதில் மட்டுமின்றி, அதற்கு இணங்கிப் போவதிலும் பொருளாதாரம் அடங்கியுள்ளது. மல்பெரி, டசார், எரி, மூகா ஆகிய நான்கு வகைப் பட்டும் விளையும் நாடு நம்முடையது. எரிப்புழு ஆமணக்கிலையைத் தின்கிறது. டசார்ப் புழுவுக்கு மருதும் ஆசன் மரமும் வேண்டும். அஸ்ஸாமின் மூகா சோம், சோவாலு மரங்களை நாடுகிறது. மல்பெரிப் புழுவின் பிடிவாதம் எல்லாரும் அறிந்ததே.

அதன் காரணத்தை 1960களின் தொடக்கத்தில் ஜப்பானியரான ஹமாமுரா மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். மல்பெரியின் மணப்பொருள்கள் புழுவை இலையருகே ஈர்க்கின்றன. இலையிலுள்ள வேறு சில பொருள்கள் கடிக்கத் தூண்டுகின்றன. மூன்றாம் தொகுதி விழுங்கத் தூண்டுகிறது. இவற்றோடு சர்க்கரையும் இனோசிட்டாலும் சேர்ந்தால் புழு தொடர்ந்து தின்கிறது. இவ்வறிவின் பயனாகச் செயற்கை உணவு உருவாகி, இளம்புழுக்களைக் கூட்டுறவு மையங்களில் அவ்வுணவைக் கொண்டு வளர்க்கும் முறை ஜப்பானில் பரவியது. 2019இல் சீன ஆய்வாளர்கள் பட்டுப்புழுவின் கசப்புணரி மரபணு ஒன்றைச் செயலிழக்கச் செய்தபோது, அப்புழுக்கள் ஆப்பிளையும் சோயாவையும் மக்காச்சோளத்தையும்கூடத் தின்னத் தொடங்கின. மல்பெரியின் மீதுள்ள தணியாத விருப்பமென நாம் எண்ணியிருந்தது, மற்றவற்றின் மீதுள்ள வெறுப்பாகவும் இருந்திருக்கிறது.

நெற்பயிரும் புகையானும்

இனி, நம் உணவு உற்பத்தியோடு நேரடியாகத் தொடர்புடைய பூச்சிக்கு வருவோம். புகையான் நெற்பயிரின் தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. பூச்சிகள் பெருகிய இடத்தில் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியதுபோல் தோன்றும். ஆசிய வயல்களில் நெடுங்காலமாக இருந்துவந்த பூச்சிதான் எனினும், 1960களின் இறுதியில் குட்டை நெல் வகைகளும் நெருக்கமான நடவும் மிகுதியான தழைச்சத்தும் வந்த பின்னரே அது முதன்மைப் பகைவனாக உயர்ந்தது. 1973-74இல் கேரளத்தில் அதனால் பேரிழப்பு ஏற்பட்டது.

புகையான் தண்டின் உட்குழாயில் ஓடும் சாற்றைத் தேடி ஊசி போன்ற வாயைச் செலுத்துகிறது. சுவை பிடிக்காவிடில் வெளியே இழுத்து வேறிடத்தில் குத்துகிறது. சாற்றில் சர்க்கரை ஏராளம். பூச்சிக்கு எப்போதும் பற்றாக்குறையாவது அமினோ அமிலம்தான். ஆகவே அமினோ அமிலங்கள், சிறப்பாக அஸ்பராஜின், அதை உறிஞ்சத் தூண்டுகின்றன. எவ்வளவு உறிஞ்சியது என்பதை அறிய ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாள்கின்றனர். பயிரின் அடியில் வடிதாளை விரித்து வைத்தால், பூச்சி கழிக்கும் தேன்துளிகள் அதில் விழும். நின்ஹைட்ரின் தெளித்ததும் அமினோ அமிலமுள்ள துளிகள் ஊதா நிறம் கொள்ளும். அப்புள்ளிகளின் பரப்பே பூச்சி உண்ட அளவின் கணக்காகும்.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தியாவிலிருந்து பெறப்பட்ட முட்கோ என்ற நெல்வகையைப் புகையான் பல முறை குத்திப் பார்த்தும் சிறிதளவே உறிஞ்சியது. முட்கோவின் சாற்றில் அஸ்பராஜின் குறைவாக இருப்பதை 1970இல் சோகாவா, பாதக் ஆகிய இருவரும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு முட்கோவிலும், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வகையாகிய ஏ.எஸ்.டி. 7இலும் தனித்தனி எதிர்ப்பு மரபணுக்கள் இனங்காணப்பட்டன. முட்கோவின் மரபணுவைத் தாங்கிய ஐ.ஆர். 26 என்னும் வகை 1973இல் வெளியிடப்பட்டுப் பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பெருமளவில் பயிரிடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே அதையும் உண்ணும் புகையான் தோன்றிவிட்டது. கரப்பானின் கதையில் பூச்சி ஒரு சுவையை வெறுக்கப் பழகியது. இங்கு வெறுத்ததை ஏற்கப் பழகியது. பரந்த நிலப்பரப்பில் ஒரே வகையைப் பயிரிட்டதால் அப்பழக்கம் வேகமாகப் பரவிற்று.

மருந்தடித்தாலாவது தீருமா என்றால், அதுவும் விபரீதமாகவே முடிந்தது. புகையானை உண்ணும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் மருந்து முதலில் கொன்றது. எஞ்சிய புகையான் முன்னினும் பெருகியது. இதனையுணர்ந்த இந்தோனேசிய அரசு 1986 நவம்பரில் 57 பூச்சிமருந்துகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்து, 1989க்குள் மருந்து மானியத்தையும் நிறுத்தியது. மானியமே சேதத்திற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது என ஓர் அரசு ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது.

நம் நாட்டு நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். யூரியா மிகுந்தால் நெற்சாற்றில் அமினோ அமிலம் மிகுகிறது, புகையான் அதிகம் உறிஞ்சுகிறது, அதிக முட்டையிடுகிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அடங்கின. யூரியா வெளியே நின்றது. 2018இல் 45 கிலோ மூட்டையின் விலை, வேப்பம் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மற்ற உரங்களின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உழவர், நான்குக்கு இரண்டுக்கு ஒன்று என்று நாம் ஓதும் விகிதத்தை விட்டு விலகித் தழைச்சத்தை மிகுத்திடுவதில் வியப்பில்லை. விலைச் சீட்டு சொல்வதைத்தான் அவர் கேட்கிறார். உர மானியத்தின் செலவைக் கணக்கிடும்போது நாம் வரவு செலவுத் திட்டத்தில் உள்ள தொகையோடு நின்றுவிடுகிறோம். அந்தத் தழைச்சத்தால் சுவை கூடிய பயிரைக் காக்க உழவர் வாங்கும் மருந்தின் விலை வேறொரு ஏட்டில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அதற்காக, தழைச்சத்தைக் குறைத்தால் எல்லாப் பூச்சியும் ஒழியும் என்று கருதுவதும் பிழையே. சீனாவின் உள்மங்கோலியப் புல்வெளிகளில் ஒருவகை வெட்டுக்கிளி, தழைச்சத்து குன்றிய புல்லையே விரும்புகிறது. ஆடுகள் மிகுதியாக மேய்ந்து மண் நலிந்த இடங்களில் புல்லின் புரதம் குறைய, அவ்வெட்டுக்கிளி செழிப்பதாக 2012இல் ஓர் ஆய்வு கண்டது. மாவுச்சத்தை நாடும் பூச்சிக்கு மெலிந்த நிலம் விருந்தாகிறது. அமினோ அமிலத்தை நாடும் பூச்சிக்குக் கொழுத்த நிலம் விருந்தாகிறது. எந்தப் பயிரை எந்தப் பூச்சி எதற்காகச் சுவைக்கிறது என்பதைத் தனித்தனியே அறிந்தாலன்றி, பொது ஆணை ஒன்றால் இரண்டையும் சமாளிக்க இயலாது.

நெல்லைப் பொறுத்தவரை கைக்கெட்டும் வழிகள் உள்ளன. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பகுதி பகுதியாக இடுவது ஒன்று. இலை வண்ண அட்டை மற்றொன்று. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் அச்சிட்ட இந்தச் சிறு பிளாஸ்டிக் அட்டையை, நன்கு விரிந்த மேலிலையோடு உடல் நிழலில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறேனும் குறித்த பட்டையைவிட வெளிறியிருந்தாலே அடுத்த தவணை யூரியா இட வேண்டும். கரும்பசுமையைக் கண்டு மகிழும் உழவரிடம், அந்நிறத்தைப் புகையானும் வேறொரு வழியில் அறிந்துகொள்கிறது என்பதை விளக்கிச் சொல்ல, விரிவாக்க அலுவலருக்கு அந்த அட்டையும் வயல் வரப்பும் பத்து நிமிட நேரமும் போதும்.